பொட்டு வைத்துக்கொண்ட படம்

"என்னோட படத்துல ஒரு புள்ளியக் கூட்டவும் முடியாதுங்க, ஒரு புள்ளியக் குறைக்கவும் முடியாதுங்க. இன்னொருத்தர் கை பட்டுச்சுன்னு வைங்க, அந்த நிமிஷமே அது படமில்லை. பலகை."

கோயமுத்தூர்த் தொழிலதிபர்கள் சிலர் மாதாமாதம் கூடிச் சாப்பிட்டுக் கலையும் ஒரு சங்கத்தில், மைக்கைக் கையில் வாங்கிய சூட்டோடு அரூப ஓவியர் சுந்தரராஜுலு இப்படி முழங்கினார். அரங்கம் அமைதியாயிற்று. அது பிரமிப்பில் விளைந்த அமைதி என்று அவர் நம்பினார். பக்கத்து அறையில் இலை போட்டுவிட்டார்களா என்று எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் மனைவி ராமாமணியின் கட்சி. வாழ்க்கை வரலாறு எழுதும்போது இரு தரப்பையும் பதிவு செய்வதுதான் முறை.

சுந்தரராஜுலுவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது பீளமேடு. தாத்தா பருத்தி விளைத்தார். அப்பா பருத்தியை நூலாக்கினார். இவர், நூலாக லாயக்கில்லாத கழிவுப் பஞ்சைப் பலகையில் ஒட்டினார். மூன்றே தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்த குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. வீட்டில் தெலுங்கு பேசுவார், வீதியில் கொங்குத் தமிழ் பேசுவார். தன் படங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டிலும் சேராத ஒரு மொழி வரும். அதற்கு இன்னும் யாரும் அகராதி போடவில்லை.

அவர் கலைக்குள் வந்த வழி கூரை வழி. குடும்பத்து நூற்பாலையை மூடி, நிலத்தைப் பிரித்து, அண்ணன்மார் பங்கில் அடுக்குமாடி எழும்பிய பிறகு, இவர் பங்குக்கு நின்றது கழிவுப் பஞ்சு போட்டுவைக்கும் கிடங்கு ஒன்று. அது ஒழுகியது. ஒரு பலகையில் மரப்பசையைக் கொட்டி, பஞ்சை அமுக்கி, ஓட்டையை அடைத்தார். அடுத்த மழைக்குப் பலகை பெயர்ந்து கீழே விழுந்தது. வாடகைக்கு இடம் பார்க்க வந்த ஒருவர் அதை எடுத்துச் சுவரில் சாய்த்தார். நாலடி பின்னால் போனார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மாடர்ன் ஆர்ட்டுங்களா?"

சுந்தரராஜுலு கூரையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார்.

பெரிய வாழ்க்கைகள் ஒரு சொல்லில் திரும்பும் என்பார்கள். வந்தவர், கிடங்கு ஒழுகுகிறது என்று வேறிடம் பார்த்துப் போய்விட்டார். கலைஞர் மிச்சமானார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை என்பதை அவருடைய எதிரிகளும், அதாவது வீட்டார், ஒப்புக்கொள்வார்கள். கடையில் விற்கும் வண்ணத்தை மட்டும் பூசி வரைவது அவருக்குக் கேவலமாகப் பட்டது. ஊரே படத்துக்குள் வரவேண்டும் என்றார். உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப், அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே எழுந்து வருவார். "வாங்க நாயுடுகாரு. ஒண்ணுக்குமே உதவாத சாமானா உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்." எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பி, தேய்ந்த பேரிங், வாயிழந்த வால்வு எல்லாம் சாக்கில் வரும். ஆனைமலைப் பக்கமிருந்து தென்னை நார்த் தூள் வரும். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்கே போய்விட்டார், குதிரை வால் முடி வாங்க. குதிரைக்காரர் நல்ல மனிதர். வந்தவருக்குப் பல்லைத் திறந்து காட்டினார், நடத்திக் காட்டினார், ஓட விட்டும் காட்டினார். கடைசியில் வால் முடி மட்டும் போதும் என்று இவர் சொன்னதும், குதிரையைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஏனுங்க, ஊட்ல எல்லாருஞ் சௌக்கியந்தானுங்களா?" என்று கேட்டார்.

படங்களுக்கு அவர் வைத்த பெயர் ஒன்றே. வெறுமை. வெறுமை ஒன்று, வெறுமை இரண்டு என்று அது வளர்ந்துகொண்டே போயிற்று. "அத்தனை வெறுமையும் ஊட்டுல எடத்தை அடைச்சுட்டு நிக்குது," என்றாள் ராமாமணி. "பீரோவைத் தொறக்கோணும்னா ரெண்டு வெறுமையத் தள்ளி வெக்கோணும்."

ஒரு நிறத்தை மட்டும் அவர் வாசலிலேயே நிறுத்தினார். சிவப்பு. "சிவப்பு கூச்சல் போடுமுங்க. நமக்கு மௌனம் வேணும்." ஆகவே அவர் படங்கள் எல்லாமே வறுத்த காப்பிக்கொட்டைக்கும் கருகிய காப்பிக்கொட்டைக்கும் நடுவில் ஒரு நிறத்தில் மௌனமாக இருந்தன.

இவ்வளவு உழைத்தும் ஒரு குறை இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருடைய படம் வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. படங்கள் வீட்டை விட்டு வெளியேற இருந்த ஒரே வழி, ஒறம்பரை என்கிற சொந்தபந்தத்தில் கல்யாணம் அல்லது புதுமனை புகுவிழா. வாங்கிக்கொண்டவர்கள் மறுக்க முடியாத நிலையில் இருந்தார்கள். பிறகு அவை அட்டாலிப் பரணில் ஏறின. ஒரு சித்தப்பா வீட்டில் வெறுமை நான்கு தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருந்ததை அவரே பார்த்தார். பார்த்துவிட்டு, தொட்டியை மூடி வைத்துவிட்டு வந்தார்.

வெறுமை ஏழின் கதை வேறு. ராமாமணியின் தம்பி சாய்குமார், கணபதியில் தண்ணீர் மோட்டார் செய்யும் பட்டறை வைத்திருப்பவன். புதுக் கொட்டகை கட்டினான். அக்கா சொல்லி, மாமாவின் அன்பளிப்பாக வெறுமை ஏழு அங்கே போய் இறங்கிற்று. லேத்துக்கும் டிரில்லிங் மிசினுக்கும் நடுவில் மாட்டினான்.

"ஆபீஸ் ரூம்ல மாட்டக் கூடாதா சாயி?" என்று சுந்தரராஜுலு கேட்டார்.

"அங்க சாமி படம் இருக்குது பாவா. பக்கத்துல இதையும் மாட்டினா, வர்ற பார்ட்டி எதைக் கும்பிடறதுன்னு தெரியாம ரெண்டையும் கும்பிட்டுப்போடுவாங்க."

அக்கா புருஷனைத் தெலுங்கு முறைப்படி பாவா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். மரியாதை அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடும்.

ஆயுத பூஜை முடிந்து சில நாள் இருக்கும். முத்தலிப்பின் மகள் ஹுமேரா போன் செய்தாள். ஓவியம் பற்றி வெளியூரில் படித்துவிட்டு வந்து, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் கேலரி திறக்கப் போகிற பெண்.

"அங்கிள், மொதல் கண்காட்சிக்கு உங்க படம் ஒண்ணு வேணுமுங்க."

சுந்தரராஜுலு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது வெறுமை பன்னிரண்டின் மேல் என்பது குதிரை முடி குத்திய பிறகுதான் தெரிந்தது. எழவில்லை.

"எந்தப் படம் கண்ணு?"

"சாய்குமார் அங்கிள் பட்டறைல இருக்குதே, அதுதான். அவரு ஸ்டேட்டஸ்ல போட்டோ பாத்தேன். சாமானெல்லாம் எங்கத்தா கடையில கெடந்ததுதான், எனக்குத் தெரியாததா. ஆனா அந்தச் சிவப்பு ஒண்ணு வெச்சீங்க பாருங்க. அது இல்லீனா மொத்தமும் உக்கடத்துக் குப்பைதானுங்க. அந்த ஒரு புள்ளில படமே எந்திரிச்சு உக்காந்துருச்சு. வாசல் சுவத்துல அதைத்தான் மாட்டப் போறேன்."

சிவப்பா? வெறுமை ஏழிலா? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் வாசல் சுவர் என்ற சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கூரை ஒழுகிய நாளில் காப்பாற்றிய சொல்லே இப்போதும் கைகொடுத்தது.

"ஆமா கண்ணு. அது வந்து, ரொம்ப நாள் யோசிச்சு வெச்சது."

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். கணபதி வரைக்கும் எந்த சிக்னலில் நின்றார், எதில் நிற்கவில்லை என்பது போக்குவரத்துப் போலீசாருக்கே வெளிச்சம்.

பட்டறையில் வெறுமை ஏழு மாட்டின இடத்திலேயே இருந்தது. இடது பக்கம், கீழே, செம்புக் கம்பிச் சுருளை ஒட்டி, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். நடுவில்கூட இல்லை. வைத்த விரல் வைத்த வேகத்தில் அடுத்த மிசினுக்குத் திரும்பியதால், குங்குமம் சந்தனத்தை விட்டு ஓரமாக வழுக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் லேத்துக்கும் அதே பொட்டு. டிரில்லிங் மிசினுக்கும் அதே. கம்ப்ரசர், எடைத் தராசு, குடிதண்ணீர்க் கேன் ஒன்றுவிடாமல் அதே.

பட்டறையைக் கூட்டி, டீ கொடுத்து, பூஜைக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும் கனகம் அந்தப் பக்கம் வந்தாள்.

"ஏனுங்க அம்மணி, இதுக்குப் பொட்டு வெச்சது ஆருங்க?"

"நாந்தானுங்க."

"எதுக்குங்க?"

"ஆயுத பூஜைக்குங்க."

"இது ஆயுதமாங்க?"

கனகம் படத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "மோட்டார் காயில் இருக்குது, பேரிங் இருக்குது, கம்பி இருக்குது. மிசின் இல்லீங்களா?"

"ஓடற மிசினாட்டமா தெரியுது உங்களுக்கு?"

"ஓடலைங்க. செரி, ரிப்பேராட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. ஓடறதுக்கெல்லாம் வெச்சுப்போட்டு ஓடாததுக்கு மட்டும் வெக்காம உட்டா, அதுக்கு மனசு சங்கடமா இருக்குமுங்களே."

சுந்தரராஜுலு கண்ணை மூடித் திறந்தார். "அதுவுஞ் செரி. அத்தனை பெரிய பலகையில, அந்த எடத்துல எதுக்கு வெச்சீங்க?"

"மத்த எடமெல்லாம் கம்பி நீட்டிட்டு இருக்குதுங்க. கையக் கிழிச்சுப்போடும்."

சாய்குமார் ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன பாவா, மிசின் ஓடுதுங்களா?"

அவர் வாழ்க்கையிலேயே சிக்கலான சட்டப் பிரச்சினை அந்த நிமிடத்தில் எழுந்தது. இன்னொரு கை பட்டுவிட்டது. ஆகவே அவர் சொன்ன சட்டப்படி இது படமில்லை, பலகை. துடைத்தால் மறுபடி படம். ஆனால் துடைப்பது குறைப்பது ஆகாதா? குறைக்கவும் முடியாது என்றும் அவரேதான் சொல்லியிருக்கிறார். துடைத்தால் வாசல் சுவர் என்ன ஆகும் என்ற கேள்வி இதற்கெல்லாம் அடியில் கிடந்தது. அதை அவர் கையால் தொடவில்லை. கலைஞன் விலைபோகக் கூடாது என்று முடிவெடுத்து, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கழிவுப் பஞ்சை நனைத்து, பொட்டைத் துடைத்தார்.

"இப்பத்தான் சுத்தமா இருக்குது," என்றார்.

கனகம் டீ போடப் போய்விட்டாள். "சுத்தமா இருக்குது," என்று மறுபடியும் தானே சொல்லிக்கொண்டார். பல் பிடுங்கின இடத்துக்கு நாக்கு போவது போல, கண் அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், பட்டறை வண்டியில் படம் ரேஸ்கோர்ஸ் போய்ச் சேர்ந்தது. ராமாமணியும் சாப்பாட்டுக் கூடையோடு கூட வந்தாள். ஹுமேரா போர்வையை விலக்கிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள்.

"எங்கீங்க அங்கிள் அது?"

"எது கண்ணு?"

"சிவப்பு."

"அதை எடுத்துட்டேன். மௌனத்துக்கு எடைஞ்சலா இருந்துச்சு."

"ரொம்ப நாள் யோசிச்சு வெச்சேன்னீங்க?"

"எடுத்ததும் யோசிச்சுத்தான்."

ஹுமேரா மறுபடியும் ஒருமுறை குனிந்து பார்த்தாள். கோட்டைமேட்டு வீட்டில் அவளைப் பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பிள்ளையாக வளர்த்திருந்தார்கள். "செரிங்க அங்கிள். உங்க படம், உங்க இஷ்டம். அப்ப வாசல் சுவத்துக்கு வேற படம் பாத்துக்கறேன். இதை மாடிப்படிக்கு அடியில மாட்டிக்கலாம். அங்கயும் வெளிச்சம் வருமுங்க, கதவைத் தொறந்தா."

"எந்தக் கதவு?"

"பாத்ரூம் கதவுங்க. காலைல ஆணி அடிக்க ஆள் வரும். அதுக்குள்ள உங்களுக்கு வேற எதாச்சும் தோணுச்சுன்னாச் சொல்லுங்க."

அவள் விளக்குக்காரரோடு பேசப் போனதும் கூடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வெறுமை ஏழும் மட்டும் இருந்தார்கள். ராமாமணி தயிர்சாதத்தைப் பிசைந்தபடி சொன்னாள்.

"ஏமண்டி, அந்தப் பொட்டை வெச்சுத்தான் தொலைங்களேன்."

"ஊருக்கு முன்னால சொன்ன சொல்லு என்னாகறது?"

"எந்த ஊரு? அன்னிக்கு ஊரே எல போட்டாச்சான்னு பாத்துட்டிருந்துச்சு. நீங்க என்ன சொன்னீங்கன்னு அவங்கள்ல ஒருத்தரைக் கேட்டுப் பாருங்க. அவியல்ல உப்பு கம்மின்னு சொல்லுவாங்க."

இத்தனை நாள் அவரைக் குத்திக்கொண்டிருந்த அந்தச் செய்தி அன்றைக்கு முதல்முறையாக ஆறுதலாக இருந்தது. யாரும் கேட்கவில்லை என்றால், யாரிடமும் வார்த்தை தவறவில்லை. சோற்றைச் சாப்பிட்டுக் கையைக் கழுவினார். வாசல் பக்கம் பார்த்தார். மெதுவாகப் படத்தின் முன்னால் போய்க் குந்தினார்.

முதலில், ஒருநாள் ஆசைக்கு வாங்கிப் பிரிக்காமல் பையடியில் வைத்திருந்த வெளிநாட்டுச் சிவப்பு வண்ணத்தை எடுத்தார். ஒரு புள்ளி வைத்தார். நாலடி பின்னால் போய்ப் பார்த்தால், அணைத்து வைத்த டிவியில் எரிகிற சின்ன விளக்கு மாதிரி இருந்தது. துடைத்தார். ராமாமணி கைப்பையில் மாசாணியம்மன் கோயில் குங்குமம் இருந்தது. கேட்காமலே நீட்டினாள். சந்தனமும் கொஞ்சம் இருந்தது. குழைத்து வைத்தார். அச்சு வார்த்ததுபோல் வட்டமாக, நட்டநடுவில் குங்குமத்தோடு, நகைக்கடை விளம்பரம் மாதிரி வந்தது. துடைத்தார். அலட்சியமாக வைக்கவேண்டும் என்று தீர்மானித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு அலட்சியமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

"கொசு அடிச்சாப்ல இருக்குது," என்றாள் ராமாமணி.

அதையும் துடைத்தார். வெறுமை ஏழில் இப்போது அந்த ஓர் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. சாயங்காலம் போனை எடுத்தார்.

"சாயி, காலைல அந்தக் கனகம் அம்மணியச் சித்த இங்க அனுப்பி வையி. படத்துல தூசியா இருக்குது, தொடைக்கோணும்."

"அதுக்கென்ன பாவா, வண்டில அனுப்பறேன்."

"வரும்போது சந்தனம், குங்குமமும் கொண்டாரச் சொல்லு."

"தூசிக்கு எதுக்கு பாவா சந்தனம்?"

"வாசமா இருக்கட்டும்னுதான்."

காலையில் கனகம் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பட்டறைப் பூஜைக் கிண்ணம் கையில் இருந்தது. பங்களாவின் உசரமான கூரையை நிமிர்ந்து பார்த்து, ஒட்டடை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

"இன்னுஞ் செரியாகலீங்களா இது?"

"இல்லீங்க அம்மணி. முன்னால வெச்சீங்கல்ல, அந்த எடத்துல ஒரு பொட்டு வைங்க."

"முன்னால எங்கீங்க வெச்சேன்?"

சுந்தரராஜுலு அவளை நம்பமுடியாமல் பார்த்தார். உலகத்தில் அந்த இடம் தெரிந்த ஒரே மனிதர் தான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார். "இங்கீங்க. சுருளை ஒட்டி. கொஞ்சம் கீழ. இன்னுங் கொஞ்சம். ஆங், அங்கதான்."

"இதுக்கா இத்தனை தூரம் வரச் சொன்னீங்க," என்று கனகம் விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். வைத்தாள். குங்குமத்தைத் தொட்டாள். அதற்குள் அவள் கண், அன்றைக்கும் கூடையோடு கூட வந்திருந்த ராமாமணியின் மேல் போய்விட்டது. "ஏனுங்கக்கா, இந்தச் சேல எங்கீங்க எடுத்தீங்க? பார்டரு நல்லா இருக்குதே." விரல் பாட்டுக்கு வைத்துவிட்டு ஓரமாக வழுக்கி வந்தது.

சுந்தரராஜுலு நாலடி பின்னால் போனார். பார்த்தார். நெஞ்சுக்குள் இருந்த மூச்சு வெளியே வந்தது.

வாசலில் இருந்து ஹுமேரா எட்டிப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கனகத்தைப் பார்த்தாள். அவள் முத்தலிப்பின் மகள். எந்தச் சாமான் எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூடாத நேரம் அவளுக்குத் தெரியும். திரும்பி, ஏணியோடு வந்த ஆசாரியிடம், "அண்ணா, வாசல் சுவத்துலயே ஆணி அடிச்சுருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆணி அடித்து முடிகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று கனகம் சுவிட்ச் போர்டுக்கு ஒரு பொட்டு வைத்தாள். ஏசிக்குக் கை எட்டவில்லை. மறுபடி படத்துக்கு வந்தாள். வலது பக்கம், மேலே, குதிரை முடிக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அந்த வெற்றிடத்தை மட்டும் யோசிக்க சுந்தரராஜுலு ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கட்டாலயும் எடம் சும்மாதானுங்க கெடக்குது. இன்னொண்ணு வெச்சுப்போடட்டுங்களா?"

சுந்தரராஜுலு வாசல் பக்கம் பார்த்தார். ராமாமணி இருந்த பக்கம் பார்த்தார். அவள் கூடையை மூடிக்கொண்டிருந்தாள்.

அவர் கிண்ணத்தைக் கனகத்தின் கையிலிருந்து வாங்கி, அவள் விரலுக்கு எட்டுகிற உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.